ஒற்றை வெள்ளை முடி

“மொதல்ல ராசியச் சொல்லுங்க பாஸ். நாய்க்குட்டி படம் அப்பறம் அனுப்புறேன்.”

மேரு சாலைச் சிவப்பு விளக்கில் கிளச்சை மிதித்துக்கொண்டு நான் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் அமுதவள்ளி அக்கா கைத்தொலைபேசியை மடியில் வைத்து, ஊருக்கே கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார். போனில் பேசியவர் குரலில் சந்தோஷம் பொங்க, “மீனம்க்கா, உத்திரட்டாதி. பொருத்தம் பாக்குறீங்களா?” என்றார்.

“பாத்துட்டேன். பொருந்தல. கறுப்பு எல்லாம் முடிஞ்சிருச்சு.”

“மூணு இருக்குன்னு இப்பதானக்கா சொன்னீங்க?”

“நீங்க மீனம்னு சொன்னதும் முடிஞ்சிருச்சு லா.” போனை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “பச்ச விழுந்து எவ்ளோ நேரமாச்சு! பின்னால ஹாரன் அடிக்கிறான், கேக்கல? கியர் போடு தங்கச்சி.”

அமுதவள்ளிக்கு ஐம்பத்தேழு வயது. கிள்ளானில் இருபத்தெட்டு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். பிரிக்பீல்ட்ஸில் ரயிலை நம்பியே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் கிள்ளானுக்குக் குடிவந்து ஸ்டியரிங்கைத் தொட்ட என்னைப் போன்றவர்களை மற்ற ஆசிரியர்கள் அவரிடம் தள்ளிவிடுவார்கள். அது அவர் பிழைப்பு. இன்னொன்றும் இருக்கிறது. அவருடைய மூலை வீட்டின் பக்கவாட்டுத் தோட்டத்தில் ஒரு கறுப்பு லாப்ரடார் பெட்டை உண்டு. பெயர் மேடம். கழுத்தில் லைசன் தகடு தொங்க, தோட்டம் முழுவதும் தன் பெயரில் எழுதியிருப்பது போல நடக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை குட்டி போடும். அந்தக் குட்டிகளுக்கு வீடு தேடுவதில் அக்கா படுத்தும் பாட்டைப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூடப் படுத்த மாட்டார்கள்.

குட்டி பார்க்க வருகிறவர்கள் நாயைக் கொஞ்சும்போது அவர் நாயைப் பார்க்க மாட்டார். வாசலைப் பார்ப்பார். “கேட்ட தொறந்துட்டு வந்தவன் திரும்பிப் போய் சாத்துறானான்னு பாரு. சாத்தலன்னா, இவன் வீட்டு நாய் நாளைக்கே ரோட்டுலதான்.” அடுக்குமாடிக் கொண்டோவில் இருந்துகொண்டு தரைவீடு என்று புளுகியவர்களை அவர் முகவரி கேட்டே பிடித்திருக்கிறார். குட்டி போன பிறகும் விடுவதில்லை. நான் பின்னோக்கிக் கார் நிறுத்தக் கற்றதெல்லாம் அவரிடம் நாய் வாங்கியவர்களின் வாசல்களில்தான். ஒரு வீட்டின் முன் மூன்று முறை எடுத்து எடுத்து நிறுத்தச் சொன்னார். எனக்குத்தான் வரவில்லை என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அவரோ கேட் இடுக்கு வழியாக நாயின் தண்ணீர்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது காய்ந்து கிடந்தது. இறங்கிப் போய் அந்த வீட்டு மணியை அடித்த அடியில் பக்கத்து வீட்டுக்காரர்களும் வெளியே வந்துவிட்டார்கள்.

ராசி கேட்கும் வழக்கம் மட்டும் புதிது. என் முதல் பாடத்திலேயே என்னிடமும் கேட்டார். சிம்மம் என்றேன். “கார் ஓட்டலாம். நாய் வாங்கக் கூடாது” என்றார். சரிதான், ஜோசியப் பைத்தியம் பிடித்த அம்மாவிடம் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். விஷயம் நேர்மாறானது என்று பிறகுதான் தெரிந்தது.

சனி ராசி மாறினால் ஏழரை, அட்டமம் என்று நம் ஆட்கள் அலறுவது தெரிந்த கதை. எள் விளக்கு ஏற்றியவர்களில் நானும் ஒருத்தி. அதில் எனக்குப் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. ஆனால் ஜாதகம் பார்க்கிறவர்களில் சிலர் இப்போது கறுப்பு நாய் வளர்க்கச் சொல்கிறார்கள். பைரவர் வாகனமாம், நமக்கு வரும் பீடையை அது வாங்கிக்கொள்ளுமாம். சுத்தக் கறுப்பாக இருக்க வேண்டும். ஒற்றை வெள்ளை முடி இருந்தாலும் பலிக்காதாம். சரி, வளர்க்கட்டும். வாயில்லாத ஜீவனுக்கு ஒரு வீடு கிடைத்தால் நல்லதுதானே என்றுதான் யாரும் நினைப்பார்கள். சனி நகர்ந்த பிறகு என்ன ஆகும்? ஆறு கடக்கிற வரைக்கும்தான் அண்ணன் தம்பி. பீடையை வாங்கிக்கொண்ட நாய் வீட்டில் இருக்கக் கூடாது என்று அதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். எந்த ஏட்டில் எழுதியிருக்கிறதோ, எனக்குத் தெரியவில்லை. நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழும். இவர்களுக்கு அது இரண்டரை வருஷப் பரிகாரம்.

இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அமுதவள்ளி பஞ்சாங்கம் படிக்கத் தொடங்கினார். சனி மீனத்துக்குப் போகிறார் என்றால் மேஷம், கும்பம், மீனத்துக்கு ஏழரை, சிம்மத்துக்கு அட்டமம். இந்த நாலு ராசிக்காரர்களுக்கும் அவர் வீட்டில் கறுப்புக் குட்டி கிடையாது. அழைப்பவர்கள் அவரைப் பெரிய பக்திமான் என்று நினைத்துக்கொண்டு நட்சத்திரத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள்.

மேடத்தின் இந்த ஈத்தில் ஏழு குட்டிகள். நாலு மஞ்சள், மூன்று கறுப்பு. போன்கூடப் போடாமல், ராசியும் சொல்லாமல் ஒரு நாள் ஓர் அம்மாள் நேரில் வந்துவிட்டார். பாசாரில் கத்தரிக்காய் பொறுக்குவது போலக் குட்டிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒன்றின் நெஞ்சில் கொத்தாக நாலைந்து வெள்ளை முடிகள். “ஐயையோ, இது ஆகாது” என்று கையை உதறினார். அமுதவள்ளி அந்தக் குட்டியைத் தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டு, “தப்பிச்சடா ராஜா!” என்றார். நாய் வளர்ப்பவர்கள் குறை என்று ஒதுக்கும் புள்ளியை ஒருவர் இப்படிக் கொண்டாடியதை நான் கண்டதில்லை. அந்தக் குட்டி காஜாங்கில் ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டுக்குப் போனது.

அவருக்கு உறுத்தல் ஒன்று இருந்தது. அதன் பெயர் லோகன்.

லோகன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர். போன ஈத்தில் கறுப்புக் குட்டி ஒன்றை வாங்கிப் போனார். மற்றக் குட்டிகளைத் திரும்பியும் பார்க்காமல், டார்ச் அடித்துத் தேடி, இருப்பதிலேயே கறுத்ததை எடுத்தாராம். “நாய் தெரிஞ்ச மனுசன்னு நெனச்சேன் தங்கச்சி. எனக்குப் பெருமயா இருந்துச்சு. தடுப்பூசி போட்டாச்சான்னு பாக்கப் போனப்பதான் சொல்றான், கடகமாம், அட்டமச் சனியாம். பேரே பைரவ்னு வச்சிருக்கான்.” அன்றே திருப்பிக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. வேண்டாம் என்றால் ஒரு போன் போடு, நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சத்தியமாக்கா என்று லோகன் தலையாட்டியிருக்கிறார்.

அதனால் வாரத்துக்கு இரண்டு நாள் என் பாடம் லோகன் வீட்டு வழியாகத்தான் போகும். பைரவ் போர்ட்டிகோவில் கொழுகொழுவென்று படுத்திருக்கும். அக்காவின் கார்ச் சத்தம் கேட்டால் எழுந்து கேட்டுக்கு வரும். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவருக்குப் பயம். “இப்ப நல்லாத்தான் பாத்துக்குவான். பெயர்ச்சி முடியட்டும்” என்பார். வீட்டு நாள்காட்டியில் பெயர்ச்சி நாளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தார்.

பெயர்ச்சி ஆன மறுவாரம், செவ்வாய்க்கிழமை காலை. போர்ட்டிகோவில் சங்கிலி மட்டும் கிடந்தது. தண்ணீர்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். அக்கா மணியை அடித்தார். லோகன் கைலியோடு வந்தார். முகத்தில் கள்ளத்தனம் ஒன்றும் இல்லை.

“தூக்கிப் போடல லா அக்கா. சனிக்கெழம நம்ம கோயில்ல முறையா ஒப்படைச்சோம். மால போட்டு, பூச பண்ணி, தயிர்சோறு வச்சு. அழுதுட்டா என் வைஃப்.”

“எனக்குப் போன் போடுன்னு சொன்னேனா, இல்லையா?”

“வாங்குன எடத்துலயே திருப்பிக் குடுத்தா பீட உங்களப் புடிச்சிக்கும்னு ஜாதகம் பாத்த ஐயா சொன்னாருக்கா. உங்க நல்லதுக்குதான்.”

“என் நல்லதுக்கு.” அக்கா அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். “கடகத்துக்கு முடிஞ்சிருச்சு, சரி. நாய்க்கு என்ன ராசின்னு அந்த ஐயாகிட்ட கேட்டியாடா? மூணு நாளா அது எங்க படுத்திருக்குன்னு ஒருதரம் போய்ப் பாத்தியா?”

லோகன் கேட்டைத் திறக்கவில்லை. நான் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்தோ என்னவோ, அக்கா என் முழங்கையைப் பிடித்துக் காருக்கு இழுத்து வந்தார். “நீதான் ஓட்டுற. இப்ப என்னால முடியாது” என்றார். இருபத்தெட்டு வருஷம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சொன்ன வார்த்தை அது.

கோயிலின் பெயர் வேண்டாம். பின்புற வேலியில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் பைரவைக் கட்டியிருந்தார்கள். நெற்றியில் குங்குமம் காய்ந்திருந்தது. கழுத்தில் சருகான மாலை. முன்னால் வாழையிலையில் எள் கலந்த தயிர்சோறு, எறும்பு மொய்த்தபடி. தண்ணீர் இல்லை. எங்களைக் கண்டதும் பைரவ் எழப் பார்த்து மறுபடி உட்கார்ந்தது. அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, “உங்க நாயாக்கா? நல்ல நேரத்துக்கு வந்தீங்க. மஜ்லிஸ்ல சொல்லியாச்சு, மத்தியானம் நாய் புடிக்கிற லோரி வருது. நாங்க என்ன பண்றது, இந்த வாரத்துல இது மூணாவது” என்றார். மற்ற இரண்டும் எங்கே என்று நான் கேட்டேன். அவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அலுவலகத்துக்கே திரும்பிப் போய்விட்டார். பைரவர் சந்நிதியில் அப்போது தீபாராதனை நடந்துகொண்டிருந்தது. உள்ளே இருக்கிற வாகனத்துக்கு அபிஷேகம் உண்டு. வேலியில் கட்டியிருக்கிற வாகனத்துக்கு ஒரு குவளைத் தண்ணீர் இல்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கொதிக்கிறது.

அக்கா தன் குடிதண்ணீர்ப் புட்டியைக் கையில் ஊற்றி ஊற்றிக் குடிக்க வைத்தார். மாலையை அறுத்துப் போட்டார். துப்பட்டா நுனியை நனைத்துக் குங்குமத்தைத் துடைத்தார். பிறகு பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

திரும்பும் வழியில் லோகன் குடியிருக்கும் தாமானின் முனை வரும். அதை நான் யோசிக்கவில்லை. அதுவரை சுருண்டு கிடந்த நாய் முனையில் நின்ற மரத்தடி வந்ததும் எழுந்து நின்றது. கண்ணாடியில் மூக்கை ஒட்டி முனகியது. வால் என் இருக்கையின் முதுகில் பட் பட்டென்று அடித்தது. வீடு வந்துவிட்டது என்று நினைத்துவிட்டது. நான் என்னை அறியாமல் பிரேக்கை மிதித்தேன்.

“நிறுத்தாத,” என்றார் அக்கா முன்னால் பார்த்தபடி. “ரெண்டாவது கியர். நேராப் போ.”

வால் அடிப்பது நிற்க இரண்டு சிக்னல் ஆனது.

அது நடந்து மூன்று வாரம். மஞ்சள் நாலும் போய்விட்டன. இரண்டாவது கறுப்புக்குட்டி பெட்டாலிங் ஜெயாவில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துக்குப் போனது. அவர்கள் நாய் வேண்டும் என்றார்கள், என்ன நிறம் என்று கேட்கவே இல்லை. பைரவ் இனி அக்காவின் வீட்டில்தான். மீதம் ஒரு குட்டி, மேடத்தை உரித்து வைத்த கறுப்பு. அதற்குத்தான் போன் ஓயவில்லை. இப்போது சிலர் உஷாராகிவிட்டார்கள். ராசி கேட்டால் துலாம் என்கிறார்கள், கடகம் என்கிறார்கள். நேற்று அழைத்தவர் ரிஷபம் என்றார். நல்ல வீடு, நல்ல பேச்சு, பேச்சை வைத்துப் பார்த்தால் கேட்டைச் சாத்திவிட்டு வரும் ஆள்தான். போனை வைக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: “சுத்தக் கறுப்புதானேக்கா?”

இன்று மாலை பாடம் முடிந்து கார்ச் சாவியைக் கொடுக்கப் போனேன். அக்கா பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, குட்டியை மடியில் மல்லாக்கக் கிடத்தியிருந்தார். காலடியில் பைரவ் படுத்திருந்தது. “நல்ல நேரத்துல வந்த. போன் லைட்டக் காட்டு,” என்றார். காட்டினேன். தொண்டையிலிருந்து தொடங்கி, பேன் பார்ப்பது போல முடியை விரலால் பிரித்துப் பிரித்து நெஞ்சுக்கு வந்தார், வயிற்றுக்கு வந்தார், நாலு பாதத்தையும் விரல் விரலாக விரித்துப் பார்த்தார். குட்டி கூச்சத்தில் நெளிந்து அவர் கட்டைவிரலைக் கடித்தது.

“ஒண்ணே ஒண்ணு வெள்ளையா இருந்தாப் போதும்டா,” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் தொண்டையிலிருந்து தொடங்கினார்.