மாடியில் முட்டையிட்ட ஆள்காட்டி

ஆனையூரில் வயலெல்லாம் வீடான பிறகு, ஆள்காட்டிக் குருவி என் மொட்டை மாடியில் கொட்டிக்கிடந்த ஜல்லியில் முட்டையிட்டது. அதன் கத்தலைக் கேட்டாலே, வாடிப்பட்டி வயலில் செருப்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிய சிறுவனாகிவிடுவேன். அங்கே அது தரையில்தான் முட்டையிடும். குஞ்சுகள் பொரிந்த அன்றே தாயின் பின்னால் நடந்துவிடும். அப்பா முட்டைகளை விட்டுச் சுற்றி உழுவார். நான் போனால் மட்டும் தாய்க்குருவி கொத்த வரும்.

"உன்னைய நரின்னு நெனைச்சுருச்சுடா," என்பார். எனக்கு உள்ளூரப் பெருமை.

இன்று மாடியில் குஞ்சு பொரிந்தது. கைப்பிடிச் சுவரில்லாத மாடி. கீழே சிமெண்ட் தரையில் நின்று தாய் கூப்பிட்டது. குஞ்சு குதித்தால் ஏந்த, நானும் மனைவியும் கீழே போர்வையை விரித்து நின்றோம்.

"கைலிய அப்புறம் கட்டலாம், போர்வைய இழுத்துப் பிடிங்க," என்றாள் மனைவி.

எங்களைக் கண்டு மிரண்ட தாய், வீட்டின் மறுபக்கம் போய்க் கூப்பிட்டது. குஞ்சும் அந்த விளிம்பை நோக்கி நடந்தது. போர்வையோடு ஓடினோம்.