பின்னேரப் படகும் மிரோஜனும்

என் அம்மா கிறேசம்மா ஐம்பத்திரண்டு வயதில் பராமரிப்பாளர் ஆனார். நெடுந்தீவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், வெளிநாட்டிலிருந்த மகளிடம் போய் ஒரு மாதத்தில் வருவதாகச் சொல்லிப் படகேறினார். வரவில்லை. அவருடைய மகன் மிரோஜனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பேச்சு இல்லை. தானாகச் சாப்பிடத் தெரியாது. அம்மா அவனை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

முதல் நாட்களில் அவன் சாப்பிட வாய் திறக்கவில்லை, கடலையே பார்த்திருந்தான். அம்மா அவனைத் துறைக்குக் கூட்டிப்போனார். பின்னேரப் படகிலிருந்து கடைசி ஆள் இறங்கும்வரை இருவரும் நின்றார்கள். பிறகு அம்மா சொன்னார்: "படகு வந்திட்டுது. அவ வரேல்லை. வா, சாப்பிடுவம்."

சாப்பிட்டான். ஒன்பது வருடம் இதுதான் நடந்தது. தனக்கு நோய் வந்தபோதும் அவனை விட்டுவிட்டு அம்மா கிளினிக்குக்குப் போகவில்லை. போனபோது பிந்திவிட்டது.

யாழ்ப்பாணத்தில் இறந்தார். "அவனை ஓரிடமும் அனுப்பிப்போடாதை" என்பது என்னிடம் கடைசியாகச் சொன்னது. கடல் கொந்தளிப்பு, மூன்று நாள் படகு ஓடவில்லை. அங்கேயே அடக்கம் செய்தேன். நான் மின் தொழில்நுட்பம் படித்தவள், எதையும் கணக்காகப் பார்ப்பவள். அன்று அது சரியான முடிவாகவே தெரிந்தது.

அம்மா படகேறியதை மிரோஜன் பார்த்தான். அடக்கத்தில் அவர் முகம் மூடியதைப் பார்க்கவில்லை.

நான் ஊருக்கு வந்தபோது அவன் தேத்தண்ணி மட்டும்தான் குடித்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்குள் சாப்பிடத் தொடங்காவிட்டால் பராமரிப்பு இல்லமொன்றுக்குக் கொண்டுபோவதென்று ஊரில் முடிவாகியிருந்தது. நேரம், அளவு எல்லாம் கொப்பியில் எழுதி, சோற்றைக் குழைத்து வாயில் தீத்திப் பார்த்தேன். அவன் வாங்கவில்லை.

"மிசினெண்டால் திருத்திப்போடுவீர், பிள்ளை," என்றார் அதுவரை அவனைப் பார்த்துக்கொண்ட, அயலில் இருக்கும் அன்ரனிட்டா அக்கா. "இவனுக்கு எந்த நட்டைப் பூட்டப்போறீர்?"

"வேற என்ன செய்யிறது, அக்கா?"

"கொப்பியை வையும். கொம்மா செய்த மாதிரி படகடிக்குக் கூட்டிக்கொண்டு போம்."

வியாழன் பின்னேரம் போனோம். அரிசி மூட்டையும் காஸ் சிலிண்டரும் இறங்கின. கடைசி ஆளும் இறங்கினார்.

"படகு வந்திட்டுது. அம்மா வரேல்லை," என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். இனி வரமாட்டா என்று சொல்லியிருக்க வேண்டும்.

"நாளைக்கு வருவா."

வீட்டில் இரண்டு வாய் வாங்கினான். பிறகு சோற்றுக் கோப்பையை என் கையிலிருந்து எடுத்து, அம்மா உட்காரும் கதிரையில் வைத்தான். எவ்வளவு கெஞ்சியும் மீண்டும் வாய் திறக்கவில்லை.

நாளைக்கு வருவா என்று அம்மா ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை.

நாளைப் பின்னேரப் படகில் இல்லத்து ஆட்கள் வருகிறார்கள். அவன் அம்மாவுக்காகத் துறையில் நிற்பான்.