வலது கால் குழி

டெல்மர் ஹாஸ்டெட்டர்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது அக்டோபரில். ஒருமுறை வந்துவிட்டால் என் சந்தேகம் சீக்கிரம் போகாது. கட்டிய புருஷனையே சந்தேகப்பட்டவள் நான். அதில் நான் சொன்னதுதான் சரியாகவும் இருந்தது.

டெல்மர் எங்கள் கோல்பர்ன் கல்லூரி மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொள்பவர். இருபத்தாறு வருஷமாக அதே பச்சைத் தொப்பி, அதே மணல் வாளி. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் முழங்காலிட்டு, ஆட்டக்காரர்களின் ஆணி பூட்ஸ் பிய்த்த குழிகளை ஒவ்வொன்றாக மூடுவார். யாரிடமும் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். பேசாதவனை எப்படி நம்புவது?

ஆற்றுக்கு அக்கரையில் வேன்டைன் கல்லூரி. நவம்பரில் அவர்களோடு ஆடும் ஒரே அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்காகத்தான் எங்கள் ஊர் வருஷம் முழுக்க மூச்சு விடுகிறது. இரண்டு வருஷமாகத் தோற்றோம், இரண்டிலும் ஒரே மாதிரி. எங்கள் கர்டிஸ் ப்ளெவின்ஸ் தன் இடத்தை விட்டுவிட்டு, பந்து எறிபவனை அமுக்கப் பாய்வான். பிளிட்ஸ் என்றால் அதுதான். அவன் கிளம்பும்போதே, அவன் விட்டுப்போன காலி இடத்தில் வேன்டைன்காரன் ஒருவன் நிற்பான். பந்து அங்கே போய் விழும். கோச் பிரானிகன் பாயச் சொல்லும் சைகைகளை மூன்று முறை மாற்றிப் பார்த்தார். பலிக்கவில்லை.

பயிற்சியின்போது வேலியைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிவிடுவார்கள். அணியைத் தவிர உள்ளே இருப்பது சட்டை துவைக்கும் நானும் டெல்மரும்தான். எங்கள் ரகசியத்தை அக்கரைக்கு நான் சொல்லவில்லை. டெல்மரின் மகளோ வேன்டைன் கல்லூரிச் சமையலறையில் வேலை செய்கிறாள். புதன்கிழமை தவறாமல் அவர் வண்டி பாலத்தைத் தாண்டும். வேலியே பயிரை மேய்கிறது என்று கோச்சிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை கோச் அவரிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார். "சனிக்கிழமை ஆட்டம் முடியட்டும் டெல்மர். அப்புறம் பேசிக்கலாம்." அந்த 'அப்புறம்' எதுவென்று ஊருக்கே தெரியும். அன்று சாயங்காலம் நான் ஆப்பிள் பூரணம் வைத்து ஒரு பை சுட்டு அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். ஏன் கொடுத்தேன் என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை அவர் என் சலவை அறைக் கதவைத் தட்டினார்.

"லொரெய்ன், கர்டிஸ் பயிற்சிக்குப் போடற பூட்ஸைக் கொஞ்சம் காட்டும்மா."

"எதுக்கு?" நான் அலமாரியை மறைத்து நின்றேன்.

"திருடறதுக்கில்ல. நீயே எடுத்துப் பாரு. வலது கால்ல முன் ஆணி தேஞ்சிருக்கும். இடது கால்ல இருக்காது."

எடுத்துப் பார்த்தேன். வலது நுனி மழுங்கிக் கிடந்தது. இடது புதிதாக இருந்தது. வாரா வாரம் அதைச் சேறு போகத் தேய்த்தவள் நான்.

"பாயப் போறதுக்கு முன்னாடி வலது காலைப் பின்னால இழுத்து நுனியால மண்ணைத் திருகறான்," என்றார் டெல்மர். "இந்தப் பழக்கம் அவனுக்கே தெரியாது. பாய்ற அன்னிக்கு அவன் நிக்கற இடத்துல குழி இருக்கும், பாயாத அன்னிக்கு இருக்காது. அவன் ஆட வந்ததும் ரெண்டு வருஷம்தான், நாம தோக்கறதும் ரெண்டு வருஷம்தான். வேன்டைன்காரன் பழைய ஆட்டத்தைப் படம் போட்டுப் பார்த்திருப்பான். ஒற்றன் எதுக்கு?"

கோச்சைக் கூப்பிட்டேன். அவர் பூட்ஸைப் பார்த்தார், டெல்மரைப் பார்த்தார்.

"இத்தனை நாள் ஏன்யா சொல்லல?"

"குழி ஏன் விழுதுன்னு நானும் யோசிக்கல கோச். சாவியைப் புடுங்கினப்புறம் யோசிக்கத்தான நேரம்."

"கர்டிஸ் தன் காலையே நினைச்சுத் தடுமாறட்டும்னு அக்கரைக்காரன் உன்னை அனுப்பியிருந்தா?"

டெல்மர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியேறினார். அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. மறைப்பானேன்?

சனிக்கிழமை அவர் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தார். முதல் பாதியில் கர்டிஸ் காலைத் திருகித் திருகிப் பாய்ந்தான். ஒவ்வொரு முறையும் காலி இடத்தில் பந்து விழுந்தது. கோச் அவனிடம் சொல்லவே இல்லை என்பது எனக்குப் புரிந்தது. இடைவேளையில் அந்தப் பயிற்சி பூட்ஸைக் கோச் கையில் திணித்து, "யாரையாவது நம்பித்தான் ஆகணும் கோச்," என்றேன். அதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். கோச் அதை எடுத்துக்கொண்டு கர்டிஸைத் தேடிப் போனார்.

கடைசி இரண்டு நிமிஷம். நாங்கள் மூன்று புள்ளி முன்னால், பந்து அவர்களிடம். கர்டிஸ் வலது காலை இழுத்து மண்ணைத் திருகினான். வேன்டைனில் பந்து எறிபவனின் கண் அந்தக் காலுக்குப் போனதை நான் பார்த்தேன். பந்து கைக்கு வந்ததும் காலி இடத்தை நோக்கி எறிந்தான். இடம் காலியாக இல்லை. கர்டிஸ் அசையாமல் அங்கேயே நின்றிருந்தான். பந்து அவன் நெஞ்சில் வந்து விழுந்தது, இறுகப் பிடித்துக்கொண்டான்; இனி பந்து எங்களுடையது. ஜெயித்துவிட்டோம்.

கோச் வேலியோரம் போய்ச் சாவிக்கொத்தை நீட்டினார். மன்னிப்பு கேட்கவில்லை. டெல்மரும் எதிர்பார்க்கவில்லை. ஊரே மைதானத்தில் குதித்துக்கொண்டிருக்க, அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய் முழங்காலிட்டார். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

"டெல்மர், கோச்சுகிட்ட உன்னைப் பத்திச் சொன்னது..."

"தெரியும்மா."

"யார் சொன்னா?"

"இருபத்தாறு வருஷத்துல ஒரு நாளாவது எனக்கு ஆப்பிள் பை சுட்டுக் கொடுத்திருக்கியா?"

எனக்கு முகம் எரிந்தது. அவர் வாளியை என் பக்கம் நகர்த்தினார்.

"கர்டிஸ் குழி அங்க இருக்கு பாரு. மணலை நல்லா அழுத்திப் போடு."

முழங்காலிட்டு மூடத் தொடங்கினேன்.