தெளியவைத்த தண்ணீர்

செல்லக்கண்ணுவுக்கு அழுக்கென்றால் ஆகாது. பாகூர் ஏரிக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரின் மேல்நிலைத் தொட்டிக்கு இருபத்திரண்டு வருடமாக அவர்தான் ஆபரேட்டர். தொட்டிக்குள் இறங்கிக் கழுவும்போது செத்த அணில், காக்கை இறகு, ஒருமுறை பிராந்தி பாட்டில் என்று எடுத்திருக்கிறார். அன்றைக்கெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது. திட்டமாட்டார், துப்புவார்.

மூன்று வருடம் முன்பு டவுனில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ராஜேஷ் வந்தான். தொட்டியை நிரப்பும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை மாதம் ஒரு சின்ன பாட்டிலில் பிடித்துத் தர வேண்டும். தண்ணீரிலேயே கனமானது, லேசானது என்று உண்டாம். ஏரியைப்போல வெயிலில் கிடந்தால் லேசானது முதலில் ஆவியாகிவிடும், கனமானது மிஞ்சும். அதை அளந்தால், கிணற்றில் வருவது ஏரியிலிருந்து கசிந்ததா, மேற்கே மலையடிவாரத்தில் எப்போதோ பெய்து பூமிக்குள்ளேயே நகர்ந்து வந்த மழையா என்று தெரிந்துவிடுமாம்.

"ஏரித் தண்ணின்னா வருசா வருசம் ரொம்பும்ணே. மலைத் தண்ணின்னா எடுத்தா எடுத்ததுதான். மழையும் இப்ப முன்ன மாதிரியா பேயுது?" என்றான் ராஜேஷ்.

கேன் தண்ணீர்க் கம்பெனி ஒன்று எங்கள் ஊரில் மூன்று போர் போட அனுமதி கேட்டிருந்த நேரம் அது. இந்த ஆய்வின் முடிவைப் பார்த்துத்தான் அனுமதி என்றார்கள். போன தை மாதம் முடிவு வந்தது: ஏரித் தண்ணீர். கம்பெனிக்கு அனுமதி கிடைத்தது.

அடுத்த பாட்டிலுக்கு வந்த ராஜேஷ், மோட்டார் ரூம் மாடியில் அகலமான அலுமினியக் குண்டான் ஒன்றைப் பார்த்தான்.

"இன்னாண்ணே இது?"

"உனக்குத்தான். மோட்டார் போட்டதும் துருவா செவப்பா வருது. ரெண்டு நாள் வெயில்ல தெளிய வெச்சு, வேட்டில வடிகட்டித்தான் பாட்டில்ல ஊத்துவேன்."

"எத்தினி மாசமா?"

"மொத மாசத்துலேர்ந்து. படிச்சவங்களுக்குக் கலங்கலா குடுக்க நான் இன்னா மானங்கெட்டவனா?"

ராஜேஷ் தலையில் கை வைத்தான். வெயிலில் கிடந்து கனத்த தண்ணீரைத்தான் அங்கே ஏரித் தண்ணீர் என்று எழுதியிருக்கிறார்கள்.

"வெளிய சொல்லிறாதண்ணே. ஒவ்வொரு மாசமும் கூட நின்னு புடிச்சேன்னு கையெழுத்து போட்டிருக்கேன்."

"அப்ப ரிப்போர்ட்டு தப்புடா."

"அது போயாச்சு. இனிமேலும் இப்டியே தெளிய வெச்சுக் குடு. நம்பரு மாறுனா கேள்வி வரும்."

செல்லக்கண்ணு துப்பினார். ஆனால் பாட்டிலைக் கொடுத்துவிட்டார். பதினோரு நாள் வீட்டுக்கு வெளியே இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அழுக்கைக் கண்டு முகம் சுளிப்பவர் பொய்யைக் கண்டும் சுளிப்பார் என்று நான் நினைத்திருந்தேன். அந்தப் பதினோரு நாளைப் பற்றிப் பின்னால் தெரிந்தபோது அந்த எண்ணம் போயிற்று.

பன்னிரண்டாம் நாள் காலை முதல் போருக்கு வண்டி வந்து பூமியைக் குடைய ஆரம்பித்தது. வீடெல்லாம் அதிர்ந்தது. அவர் மனைவி தேவி சோற்றுத் தட்டை அவர் முன்னால் தள்ளினாள்.

"துப்பிக்கினே உக்காந்திரு. ஊரு தண்ணிய உன் குண்டான்ல வெச்சு காய வுட்டுட்டு, இப்ப ஒக்காந்து துப்புறியா?"

சாப்பிடாமல் எழுந்தார். மோட்டாரைப் போட்டு, சிவந்து வந்த தண்ணீரை அப்படியே பாட்டிலில் விளிம்புவரை பிடித்து, காற்று புகாமல் மூடினார். கை கூசியது என்று பிறகு என்னிடம் சொன்னார். குண்டானில் தெளிந்ததை இன்னொரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினார். ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டையும் மேஜைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னார்.

இரண்டும் ஒரே கிணற்றுத் தண்ணீர், இரண்டுக்கும் கணக்கு வேறாக வந்தது. சிவப்புத் தண்ணீரின் கணக்கு மலைத் தண்ணீர் என்றது. அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக இரண்டு வரியில் கடிதம் அனுப்பினார்கள். அதற்குள் முதல் போர் ஓடத் தொடங்கியிருந்தது. மற்ற இரண்டும் நின்றன.

அவரை நான் பாராட்டவில்லை. முதல் நாளே போயிருந்தால் ஒரு போர்கூட ஓடியிருக்காது. அவருக்கும் அது தெரியும். திறப்பு விழாவன்று கம்பெனி வீட்டுக்கு ஒன்றாக இலவச கேன் கொடுத்தது. அவருடையது சீல் உடைக்காமல் மோட்டார் ரூம் மூலையில் கிடக்கிறது. அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் துப்புகிறார்.