மாம்பழச் சட்டையோடு வந்த ஈ

சின்ன வளாகம் என்றால் பயமும் சின்னதாக இருக்கும் என்று நினைத்துத்தான் நோயெமி அங்கே சேர்ந்தாள். பாவம், தானாகப் போய் மாட்டிக்கொண்டாள். முன்பு படித்த சமுதாயக் கல்லூரியில் வகுப்புக்கு அறுபது பேர். கடைசி வரிசையில் உட்கார்ந்து, வாயே திறக்காமல் இரண்டு வருஷம் நல்ல மார்க் வாங்கிவிட்டாள். இங்கே மூன்றாம் வருஷ மரபியல் வகுப்பில் மொத்தமே எட்டுப் பேர், ஒரே மேஜை. ஒளிய இடம் ஏது? மற்ற ஏழு பேரும் முதல் வருஷத்திலிருந்து ஒன்றாய்ப் படிப்பவர்கள். பேராசிரியையையே 'ரூத்' என்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நோயெமிக்கு அப்படிக் கூப்பிட நாக்கு எழாது.

சாயங்காலமானால் அம்மா போன் செய்வாள். "யாராச்சும் உன்கிட்ட பேசினாங்களாடி?"

"நல்லா பேசினாங்கம்மா." பச்சைப் பொய். வெள்ளிக்கிழமைக்குள் விலகினால் பழைய கல்லூரிக்கே திரும்பிவிடலாம் என்று அவள் மனசுக்குள் முடிவுகட்டியிருந்தாள்.

புதன்கிழமை வந்தது வினை. அந்த வகுப்பு வெள்ளைக் கண் பழ ஈக்களைக் கண்ணாடிக் குழாய்களில் வளர்க்கிறது; குழாய்கள் மேல் தட்டு, கீழ்த் தட்டு என்று அடுக்கியிருக்கும். வாரம் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு தட்டுக் குழாய்களுக்கு இரை மாற்ற வேண்டும். நுண்ணோக்கியில் குனிந்திருந்த வகுப்புத் தோழன் கார்சன் அலறினான்.

"ஐயோ, இங்க வந்து பாருங்க! சிவப்புக் கண்ணு!"

ரூத் பார்த்தாள், முகம் மாறியது. "வெளி ஈ கலந்திருக்கு. எப்போ, எந்தத் தட்டுலன்னு தெரியலைன்னா எல்லாத்தையும் கொட்ட வேண்டியதுதான்."

"ரெண்டு வருஷமா நாங்க காப்பாத்தினது, ரூத்!" என்றான் கார்சன்.

நுண்ணோக்கியில் பார்க்க நோயெமியின் முறை வந்தது. குனிந்து பார்த்தாள். சிவப்புக் கண் ஈக்கள் எல்லாம் பெண். ஆணில் ஒன்றுகூட இல்லை. வெளியிலிருந்து ஈக்கள் கூட்டமாய் நுழைந்திருந்தால் பெண் மட்டுமா வரும்? வெள்ளைக் கண் தாய்க்கும் சிவப்புக் கண் தகப்பனுக்கும் பிறந்தால்தான் மகள்கள் சிவப்பு, மகன்கள் வெள்ளை. ஆக, உள்ளே வந்தது ஆண் ஈ. பிள்ளைகள் வளர்ந்து நிற்கிறதென்றால் வந்து இரண்டு வாரமாவது இருக்கும். இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இரை மாற்ற யார் முறை? அவளுடையதேதான்! சந்தையில் அம்மாவின் கடையில் பகலெல்லாம் மாம்பழம் நறுக்கிவிட்டு நேரே இங்கே வந்தாளே.

வாயை மூடிக்கொண்டால் வெள்ளிக்கிழமை போய்விடலாம். யாருக்கும் தெரியாது. கார்சன் மேல் தட்டை எடுத்துக்கொண்டு குப்பைத் தொட்டி பக்கம் நடந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அதக் கொட்டாத!" குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம். ஏழு தலையும் திரும்பின. மகள் சிவப்பு மகன் வெள்ளை கணக்கைச் சொன்னாள். "ரெண்டு வாரம் முன்னாடி ஞாயித்துக்கிழம முறை என்னுது. சந்தையில மாம்பழம் நறுக்கிட்டு சட்டைகூட மாத்தாம வந்துட்டேன். தொட்டது கீழ்த் தட்டு மட்டும்தான்."

அப்புறம் பிடித்துக்கொண்டார்கள்.

"அறிவிருக்கா உனக்கு? மாம்பழச் சட்டையோட ஈ ரூமுக்குள்ள வருவாங்களா?"

"முதல் நாளே சொன்னோமே, காதுல வாங்கலயா?"

"நமக்கு ஒரு துண்டு குடுத்தாளா பாரு! எல்லாம் ஈக்குத்தான்!" என்றாள் பிரையர். யாரோ சிரித்துவிட்டார்கள்.

"கணக்கு சரி," என்றாள் ரூத். "கீழ்த் தட்ட மட்டும் கொட்டுங்க. மீதிய ஒவ்வொண்ணா பாருங்க."

கார்சன் மேல் தட்டை மேஜையில் வைத்து அவள் பக்கம் தள்ளினான். "இதுல பாதி நீ பாரு. ஞாயித்துக்கிழம வரும்போது ஆளுக்கு ஒரு கப் மாம்பழம். அதான் தண்டனை."

சாயங்காலம் போன் அடித்தது. "யாராச்சும் பேசினாங்களாடி?"

"எல்லாரும் பேசினாங்கம்மா. ஏழு பேரும் சேந்து திட்டினாங்க."

"ஐயையோ! எதுக்குடி?"

"அப்புறம் சொல்றேன். ஞாயித்துக்கிழம எனக்கு ஏழு கப் வேணும்மா. மிளகாத்தூள் தூக்கலா போடு."