யாரும் நனைக்காத தட்டி

அது ஊரிடமிருந்து வரி வாங்கும் கட்டடம். மார்ச் கடைசியில் வரிசை வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் நீளும். கையில் சலானும் முகத்தில் கடுப்புமாக நிற்பவர்களிடம், "ஜல்தி கட்டிட்டுப் போங்க பாய்சாப், அடுத்த வரி போடறதுக்குள்ள" என்று வம்பிழுப்பது எனக்குப் பொழுதுபோக்கு.

எனக்கு அங்கே கோடைக்கு மட்டும்தான் வேலை; ஏப்ரலில்தான் எடுப்பார்கள் என்றாலும் மார்ச்சிலேயே போய் நிற்பேன். டில்லியில் மே மாதம் அடிக்கிற அனல் காற்றுக்குப் பயந்து, ஜன்னல்களில் வராந்தாப் பக்கமாக வெட்டிவேர்த் தட்டிகளைத் தொங்கவிடுவார்கள். அவற்றின் மேல் அடிக்கடி தண்ணீர் ஊற்றினால் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். ஊற்றுகிறவனுக்குப் பானிவாலா என்று பெயர். மூன்று கோடை ஊற்றிவிட்டேன். நாலாவதையும் முடித்தால் பியூன் வேலைக்கு என் பெயர் மேலே போகும் என்று செக்‌ஷன் ஆபீசர் சொல்லியிருந்தார். ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு வேறென்ன கிடைக்கும்? சரோஜினி நகரில் ஒரு குவார்ட்டர்ஸின் பின்பக்க அறையில் அக்காவோடு இருந்தேன். "இந்த வருசமும் பியூன் ஆவலன்னா ஊருக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்துடுவேன், செங்கல் சூளையில போய் பல்லைக் காட்டு" என்று அவள் சொல்லிவிட்டாள்.

அந்த ஏப்ரலில் சிக்கன உத்தரவு வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் செக்‌ஷன் ஆபீசர்தான் எனக்குப் படித்துச் சொன்னார். அவர் கும்பகோணத்துக்காரர்.

"தட்டி வாங்கலாமாம்டா. அது வேற கணக்கு. தண்ணி ஊத்தற ஆள் வேற கணக்கு. அந்தக் கணக்கை வெட்டிட்டா."

"அப்ப தட்டியை யாரு நனைப்பா சார்? பட்ஜெட் போட்டவரு வந்து ஊத்துவாரா?"

"வாயை மூடுடா. எனக்கு மட்டும் குளுகுளுன்னா இருக்கு? வரியும் பிடிக்கறா, பஞ்சப்படியில பாதியைக் கட்டாய சேமிப்புன்னும் பிடிச்சுண்டுட்டா. பீடிக்கு வரி ஏறிடுத்துன்னு நீ அழறே. நான் மூச்சு விடறதுக்கும் போட்டுடுவாளோன்னு பயந்துண்டிருக்கேன்."

இத்தனை வரியும் எங்கே போகிறது என்று கேட்டேன். அவர் மேலே காட்டினார். மேலே மின்விசிறி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

புதுத் தட்டிகள் வந்தன. காய்ந்த தட்டியில் சில்லென்ற காற்றும் வராது, சும்மா வருகிற காற்றும் வராது. அன்றைக்கே எனக்கு ஒரு யோசனை தோன்றியது. காலையில் யாரும் வருவதற்கு முன்னால் போய் செக்‌ஷன் ஆபீசரின் ஜன்னல் தட்டியை மட்டும் நனைப்பது. ஒரு வாரம் குளுமையில் உட்கார வைப்பது. பிறகு நிறுத்திவிடுவது. எட்டாம் நாள் அவரே வேர்த்து விறுவிறுத்து, ஆள் வேண்டும் என்று மேலே எழுதுவார் என்பது என் கணக்கு.

செய்வதைச் சும்மா செய்ய முடியுமா என்னால்? வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு பானிவாலா அந்த வராந்தாவில் சுருண்டு விழுந்து செத்தான் என்றும், தட்டி காய்ந்தால் அவனுக்குப் பொறுக்காது என்றும் டீக்கடையில் ஒரு கதை விட்டேன். இரண்டு நாளில் கதை மாடிக்கு ஏறிவிட்டது. டைப்பிஸ்ட் அம்மா தன் மெஷின் மேல் விபூதி பூசினார்.

கதை என்னைவிட வேகமாக வளர்ந்தது. நான் நனைத்தது ஒரே ஜன்னல், அதுவும் காலையில் மட்டும். அவர்களோ மத்தியானமும் ஈரம், எல்லா ஜன்னலும் ஈரம் என்றார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பயந்தவன் கண்ணுக்குக் காய்ந்ததும் சொட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை நிறுத்தினேன். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, உள்ளே எல்லாரும் வெந்துகொண்டிருப்பதை வேடிக்கை பார்க்கப் போனேன்.

வராந்தாத் திருப்பத்திலேயே வெட்டிவேர் வாசனை வந்தது. அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை எல்லாத் தட்டிகளும் நனைந்து, ஒரே சீராகச் சொட்டிக்கொண்டிருந்தன. ஆளைக் காணோம். கல் தரையில் ஈரப் பாதங்கள் மட்டும் வரிசையாகப் போயின. நான் பார்த்துக்கொண்டே இருக்க, தூரத்தில் இருந்தவை ஒவ்வொன்றாகக் காய்ந்து மறைந்தன. என் காலுக்கருகில் இருந்தது கடைசியாக மறைந்தது.

நான் விட்ட கதைதான் அது. வெயிலில் நின்ற எனக்கே முதுகு சில்லிட்டது.

உள்ளே போய், "என்ன ஜி, உங்க பேய்க்கு ஓவர்டைம் உண்டா?" என்று கேட்டுப் பார்த்தேன்.  ஹெட் கிளார்க், பஞ்சாபி, உதட்டில் விரலை வைத்தார். மத்தியானச் சாப்பாட்டு வேளை தாண்டியும் ஒரு மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே அனல் காற்று ஊளையிட்டது. உள்ளே தட்டியின் பச்சை இருட்டு, குளத்துக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல.

இரண்டு மணி இருக்கும். ஹெட் கிளார்க் பக்கத்து சீட்டுக்காரரிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரு மாசமா பார்க்கறேன் பையா. தண்ணி விழற சத்தம் கேட்கும். எழுந்து பார்த்தா ஒரு மனுஷன் கிடையாது."

அவர் அதைச் சொல்லும்போதே ஒருவர் வாளியோடு அறைக்குள் வந்தார். பின்பக்கக் குழாயிலிருந்து வராந்தாவுக்கு அதுதான் குறுக்கு வழி; மேஜைகளுக்கு நடுவே நடந்தார். வாளி போக வழிவிட்டு ஹெட் கிளார்க் இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டார். வாளிக்காரர் கடந்ததும் கால்களைக் கீழே வைத்தார். பேச்சை நிறுத்தவே இல்லை. "கசம் சே, சத்தியமா ஒரு ஈ காக்கா கிடையாது."

பக்கத்து சீட்டுக்காரர் தலையாட்டினார். டைப்பிஸ்ட் அம்மா வாளி இடிக்காமல் சேலை நுனியை இழுத்துக்கொண்டார். அவரும் தலையைத் தூக்கவில்லை. இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த நடுக்கம், ஈரப் பாதங்களைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

மூன்று கோடையும் என்னோடு தண்ணீர் ஊற்றிய அண்ணன்தான் வாளியோடு வந்தவர். தர்மபுரிப் பக்கம். சர்க்கார் குடிசையை இடித்து யமுனைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டிய ஜனங்களில் அவரும் ஒருவர். நான் பின்னாலேயே ஓடி வராந்தாவில் பிடித்தேன்.

"ணா, இங்க என்னாணா பண்றே?"

"ஏம்பா, பாத்தா தெரியல? ஊத்தறேன்."

"இந்த வருசம் ஆளே எடுக்கலையேணா! உத்தரவு வந்துச்சே!"

"எனக்கு யாரும் சொல்லலியே. எப்பவும்போல ஏப்ரல்ல வந்தேன். ஸ்டோர்ல வாளி இருந்துச்சு, எடுத்துகிட்டேன். போன்னு ஒருத்தனும் சொல்லல." வாளியைக் கீழே வைத்தார். "நீயுந்தான் ஊத்திகிட்டு இருந்தே? காத்தால ஆபீசர் ஜன்னல் நனைஞ்சு கெடக்கும். சரி, தம்பியையும் எடுத்துட்டாங்க, அது காத்தால ஊத்துது, நாம மத்தியானம் ஊத்துவோம்னு இருந்தேன். நேத்து நீ வரல. ஒடம்பு முடியலபோலன்னு நானே ரெண்டு வேளையும் ஊத்திட்டேன்."

"சம்பளம்?"

"லேட்டாவுது. எந்த வருசந்தான் நேரத்துக்குக் குடுத்தாங்க?"

 அவர் கையைப் பிடித்து செக்‌ஷன் ஆபீசர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"சார், உங்க பேய். நல்லாப் பாத்துக்குங்க. ஒரு மாசமா கூலி வாங்காம ஊத்துது. இவரையும் என்னையும் சீசனுக்குப் போட்டுடுங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இவன் மூணாம் மாடி செக்‌ஷன் ஆளில்லையோ? அப்படித்தான் நெனச்சுண்டிருந்தேன்." மேஜை மேலிருந்த ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். "டேய், காரியம் கெட்டுதுடா. பானிவாலா இல்லாமலே இந்த ஆபீஸ்ல எல்லாம் ஒழுங்கா நடக்கறதுன்னு மேல எழுதிப் போட்டுட்டேன். மேல அவாளுக்குப் பரம சந்தோஷம். இனிமே எந்த வருஷமும் ஆள் வேண்டாம்னு நேத்து பதில் வந்துடுத்து."

"மறுபடி எழுதுங்க சார். ஆள் இருந்தாருன்னு."

"யார் வச்சான்னு என்னைக் கேப்பாளே? நான் பதில் சொல்லணுமே?"

"எனக்கு ஒரு மாசக் கூலி வரணுங்க" என்றார் அண்ணன்.

செக்‌ஷன் ஆபீசர் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். "லிஸ்ட்ல பேர் இல்லாதவனுக்கு எப்படிடா குடுக்கறது? அவனைப் போகச் சொல்லு."

"அவரு இங்கதான் சார் நிக்கறாரு. நீங்களே சொல்லுங்க. இதுவரைக்கும் யாரும் சொல்லலையாம்."

அவர் வாயைத் திறந்தார். அண்ணனின் முகத்தைப் பார்க்க முயன்றார். பார்வை தோளில் வழுக்கி ஜன்னலுக்குப் போய்விட்டது. நனைந்த தட்டியைப் பார்த்தபடியே, "நாளையிலேருந்து வராதேப்பா" என்றார்.

வராந்தாவுக்கு வந்ததும் அண்ணன் வாளியைத் தூக்கினார். "இன்னும் நாலு ஜன்னல் பாக்கி. அதை முடிச்சிட்டு..."

அவர் கையிலிருந்து வாளியைப் பிடுங்கித் தண்ணீரை முற்றத்து மண்ணில் கொட்டினேன். புஸ்ஸென்று ஆவி எழுந்து அடங்கியது. நல்ல தண்ணீரை இப்படிக் கொட்டலாமா என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். வெயிலுக்கு ஒதுங்கி வாசல் மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் எங்களைத் தேடி வரவில்லை. செங்கல் சூளை என் கண்ணுக்குத் தெரிந்தது. அவருக்கு என்ன தெரிந்ததோ, கேட்கவில்லை.

எழுந்து கேட்டருகே போயிருப்போம். உள்ளே தட்டிகள் காய ஆரம்பித்திருக்க வேண்டும். நாற்காலிகள் உராயும் சத்தம் வந்தது. பிறகு ஹெட் கிளார்க்கின் குரல், எரிச்சலாக, ஓங்கி:

"அரே பானிவாலா! கஹான் மர் கயா?"

எங்கே செத்துத் தொலைந்தாய் என்று.

அண்ணன் சட்டென்று திரும்பி ஓர் அடி எடுத்து வைத்தார். நான் கையை விடவில்லை.