மூன்று தண்ணீர் அலசிய கம்பு

"பாவம், வேலாத்தாளுக்கு நேரம் சரியில்லை" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நேரமாம், நேரம்! நேரமா கோழிக்குத் தீவனம் அரைத்தது? அரைத்தது நான். என் பெயர் சாமியப்பன். நொய்யலுக்குத் தெற்கே மாவு மில் வைத்திருக்கிறேன். தனி மிஷினில் கோழித் தீவனமும் அரைப்பேன்.

வேலாத்தாள் பதினாறு வயதில் பனியன் கம்பெனிக்குப் போனவள். இருபத்தாறு வருடம் பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்தாள். கடைசியில் நாலு படி ஏறினாலே இளைப்பு. இனிமேல் கம்பெனிப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தான், பிள்ளை குட்டி இல்லை. நாட்டுக்கோழி வளர்க்க ஆரம்பித்தாள். கறிக்கு அல்ல, குஞ்சு பொரிக்கும் முட்டைக்கு. இருநூறு பெட்டை, இருபது சேவல். முட்டையெல்லாம் பல்லடத்தில் ஒரு குஞ்சுப் பொரிப்பகத்துக்குப் போகும். நூற்றுக்கு எண்பது பொரிந்தால் வாங்குவார்கள், குறைந்தால் நிறுத்திவிடுவார்கள்.

"இந்தக் கோழிக இருக்கற வரைக்கும் நா கம்பெனி வண்டி ஏற மாட்டனுங்ணா" என்பாள். அவளுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மக்காச்சோளம் எட்டாத விலைக்குப் போன வருடம் மில்லுக்கு வந்து நின்றாள்.

"ஏனுங்ணா, கோழிக்கு மக்காச்சோளத்துக்குப் பதிலாக் கம்பு போட்டா முட்டை வெக்காதுங்ளா?"

"வெக்கும் அம்மிணி. மஞ்சக்கரு வெளுத்துப் போகும்."

"குஞ்சு என்ன கலரா பாக்கப் போகுது?"

"அந்தக் கலர்லதான் குஞ்சுக்குச் சத்து இருக்குது. முருங்கைக்கீரை வெட்டிப் போடு, சரியாப் போயிரும்."

மூலனூர்ப் பக்கமிருந்து கம்பும் வந்தது, கீரையும் வந்தது. முதலில் கால் பங்கு, அப்புறம் பாதி, கடைசியில் முழுக்கக் கம்பு. பொரிப்பு எண்பத்துநாலுக்கு ஏறியது. ஒரு குஞ்சை முந்தானையில் பொதிந்து என்னிடம் காட்ட வந்தாள். "என்ன அம்மிணி, பேரு வெச்சாச்சா?" என்று கேட்டேன். வெட்கப்பட்டுச் சிரித்தாள். இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது.

போன ஐப்பசியில் விடாமல் மழை. கதிரில் நனைந்த கம்பு வந்தது. ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தாள். தானியத்துக்கு நடுவே எலிப் புழுக்கை மாதிரி கருப்புக் கருப்பாகக் கிடந்தது. பூஞ்சைக் கட்டி. அதைத் தின்றால் கோழி முட்டையை நிறுத்திவிடும்.

"கொட்டீரட்டுங்ளாண்ணா?" என்றாள்.

கொட்டு என்று சொல்லியிருக்கலாம். நான்தான் பெரிய மேதாவியாயிற்றே! "எதுக்குக் கொட்டோணும்? கெட்டியா உப்புக் கரைச்சு அதுல போடு. கருப்பெல்லாம் மெதக்கும், அரிச்சு எடுத்துரு. அப்புறம் மூணு தண்ணி அலசிக் காயப்போடு" என்றேன். முறை சரியான முறைதான். இன்றைக்கும் சொல்வேன்.

அவளும் சொன்னபடியே செய்தாள். மூன்று தண்ணீர் அலசினாள். எந்தத் தண்ணீரில்? எங்கள் ஊரில் ஆற்றுத் தண்ணீர் குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவை வரும். அது குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும். துணி, பாத்திரம், மாடு, கோழி எல்லாவற்றுக்கும் போர்த் தண்ணீர். சாயம் பிடிக்க உப்புப் போடும் பட்டறைகளின் தண்ணீர் இறங்கி இறங்கி அந்தப் போர் கரித்துப்போய் எத்தனையோ வருடம் ஆகிறது. காய்ந்த கம்பில் நாலு மணி எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாளாம், கரிக்கவில்லை. மில்லில் நானும் போட்டு மென்றேன், எனக்கும் கரிக்கவில்லை. அதோடு விட்டேனா? தீவனத்துக்கு வழக்கமாகச் சேர்க்கும் உப்பையும் அளந்து கொட்டி அரைத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் ஆள் அனுப்பினாள். போய்ப் பார்த்தால் கொட்டகைக்குள் கால் வைக்க இடமில்லை, அத்தனையும் செத்த கோழி. சிலது காலை இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு நகர்ந்துகொண்டிருந்தது. பொங்கலூரிலிருந்து கால்நடை டாக்டரம்மாவைக் கூட்டி வந்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். ஒரு கோழியை அறுத்துப் பார்த்தார். தீவனத்தை நாக்கில் வைத்தவர் உடனே துப்பினார்.

"இவ்வளவு உப்பையா போட்டீங்க?"

"நல்லா அலசிட்டனுங்களே. மூணு தண்ணிங்க" என்றாள் வேலாத்தாள்.

டாக்டரம்மா தொட்டித் தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து வாயில் விட்டார். அதையும் துப்பினார். "இந்தத் தண்ணியிலயா அலசுனீங்க?"

நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களுக்கு அது தண்ணீர். அதற்கு ருசி என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது.

"நேத்தெல்லாம் குடிச்சிட்டே இருந்துதுங்ணா" என்றாள் வேலாத்தாள். "தாகமா இருக்குதாட்ட இருக்குதுன்னு நாலு தடவை ரொப்பி வெச்சனுங். நாந்தான் ஊத்துனன்."

நானும்தான் அம்மிணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் வீட்டுக்குள் போய், எட்டு நாளைக்கென்று பிடித்து வைத்திருந்த ஆற்றுத் தண்ணீரை, குடம் குடமாகத் தூக்கி வந்து தொட்டியில் ஊற்றினாள். ஒவ்வொரு குடத்துக்கும் நின்று மூச்சு வாங்கினாள். முப்பத்தேழு பிழைத்தது. அவையும் முட்டை வைக்கவில்லை. பொரிப்பகத்துக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். தை பிறப்பதற்குள் மிச்சக் கோழியும் கறிக்குப் போனது.

இப்போது தினமும் காலை ஏழரைக்கு என் மில் வாசலில்தான் கம்பெனி வேனுக்கு நிற்கிறாள். முதல் வாரம் நான் உள்ளேயே இருந்துகொண்டேன். அப்புறம் எவ்வளவு நாள் ஒளிவது? வெளியே வந்து, "எந்தக் கம்பெனி அம்மிணி?" என்று கேட்டேன்.

"பனியன் கம்பெனில வயசாயிருச்சுன்னு எடுக்கலீங்ணா. சாயப்பட்டறைங்."

"அங்க என்ன வேலை?"

வேன் வந்துவிட்டது. படியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"உப்பு மூட்டை பிரிச்சுக் கொட்டறதுங்ணா."